ஹலாக்கா, பிரைஸா? விற்கச் சொன்னவர்களும் திட்டியவர்களும்

2010 ஏப்ரலில் மொன்றியலில் ஓர் உணவகச் சமையலறையில் எனக்கு இரவு வேலை. பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. எங்கள் ஊர் ஐஸ் ஹொக்கி அணி கனடியன்ஸ், கோப்பைக்கான முதல் சுற்றில் வாஷிங்டனோடு ஆடிய ஏழு ஆட்டத் தொடரின் ஆறாவது ஆட்டத்தை அதில்தான் கேட்டேன். வர்ணனை பிரெஞ்சில். அப்போது என் பிரெஞ்சு அரைகுறை. ஆனாலும் ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப விளங்கியது: ஹலாக், எங்கள் கோல்காப்பாளர். கோலை நோக்கி 54 முறை அடித்தார்கள், 53ஐத் தடுத்தார்.

அந்தச் சீசனில் வாஷிங்டன் 121 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம். நாங்கள் கிழக்குப் பிரிவில் எட்டாவது, தொற்றிக்கொண்டு உள்ளே வந்தவர்கள். 3-1 என்று பின்தங்கி நின்ற தொடரை ஏழாவது ஆட்டத்தில் வென்றோம். அடுத்த சுற்றில் நடப்புச் சாம்பியன் பிட்ஸ்பர்க்கும் வீட்டுக்குப் போனது. பிலடெல்பியாவிடம் தோற்றபோதுகூட என்னைச் சுற்றி யாரும் ஹலாக்கைக் குறை சொல்லவில்லை.

ஜூன் 17இல் அவரை செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர்கள் லார்ஸ் எல்லர், இயன் ஷுல்ட்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள்.

எங்களோடு வேலை செய்த அண்ணை ஒருவர் அன்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்: "ஒரு பெடியனுக்காக ஆளை வித்துப்போட்டாங்கள்!" பெடியன் என்றது எங்கள் மற்றக் கோல்காப்பாளர் கேரி பிரைஸை. வயது 22. அந்தச் சீசனில்தான் ஹலாக்கிடம் இடத்தை இழந்திருந்தார். நானும் அண்ணையோடு சேர்ந்து திட்டினேன்.

எதிர்த்துக் கதைத்தது ஒரே ஒருவன். கியூபெக்காரன், சின்ன வயதில் தானும் கோலில் நின்றவன். "வாஷிங்டனோடு மூன்றாவது ஆட்டத்தில் ஹலாக்கை இடையிலேயே வெளியே எடுத்தார்களே, நாலாவதில் பிரைஸ்தானே நின்றார், மறந்துவிட்டாயா?" என்று கேட்டான். உண்மையில் மறந்துதான் போயிருந்தேன். அப்புறம் காசுக் கணக்குக்கு வந்தான். இரண்டு பேருக்கும் அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிகிறது. சம்பள உச்சவரம்பு இருக்கும் லீக்கில், இரண்டு பேருக்கும் முதல் ஆளுக்குரிய சம்பளம் கொடுத்தால் முன்வரிசைக்கு ஆள் எடுக்கக் காசு மிஞ்சாது. ஒருவர் போயே ஆக வேண்டும். இரண்டு கிழமை ஆட்டத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்வதா, ஐந்து வருடத்தை யோசித்தா?

சரி, அப்படியென்றால் ஏன் இவ்வளவு குறைந்த விலைக்கு என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தான். முன்வரிசை ஆட்டக்காரர் என்றால் எந்த அணியும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளும். கோலில் நிற்பது ஒருவர்தான். நல்ல ஆள் ஏற்கெனவே இருக்கிற அணி விலையே கேட்காது. வாங்க வருவதே நாலைந்து பேர் என்றால் அவர்கள் சொல்வதுதான் விலை.

செப்டெம்பரில் பயிற்சி ஆட்டத்திலேயே சொந்த ரசிகர்கள் பிரைஸைப் பார்த்து ஊளையிட்டார்கள். வீட்டில் ரீவி முன்னால் நானும்தான். கொஞ்சம் பொறுங்கள் என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சீசனில் 72 ஆட்டங்களில் நின்று 38 வெற்றி. 2015இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும், கோல்காப்பாளருக்கான வெசினாவும் அவருக்கே.

கியூபெக்காரனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் அதற்குள் வேலை மாறிப் போயிருந்தான்.

பதில்:
நான் உங்களுக்கு முந்திய காலத்து ஆள். 1995 டிசம்பர் 2, டெட்ராய்டிடம் 11-1. எங்கள் கோல்காப்பாளர் பற்றிக் ரோய் ஒன்பது கோல் வாங்கும்வரை பயிற்சியாளர் அவரை வெளியே எடுக்கவில்லை. இடையில் ஒரு சுலபமான பந்தை, பந்தென்ன, பக் என்கிற ரப்பர் வட்டைத் தடுத்ததற்குச் சனம் கேலியாகக் கைதட்ட, அவர் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார். அதைப் பார்த்ததும் என் அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். வெளியே வந்த ரோய் நேரே கழகத் தலைவரிடம் போய், மொன்றியலுக்கு இதுதான் என் கடைசி ஆட்டம் என்றதை மறுநாள் கேள்விப்பட்டோம். நாலு நாளில் அவரைக் கொலராடோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீசனிலேயே கொலராடோவுக்குக் கோப்பை. பிரைஸையோ ஹலாக்கையோ ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு நேரமாவது இருந்தது. இங்கே விற்றே ஆக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும். ரோயின் இடத்தில் வந்து நின்ற தீபோவுக்கு வயது 20. அந்தப் பிள்ளையை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கும்.

பதில்:
வன்கூவரில் நாங்கள் முடிவெடுக்காமலே கெட்டோம். கோலில் லுவோங்கோ, ஷ்னைடர் இரண்டு பேரும் முதல் ஆள்கள். லுவோங்கோவின் 12 வருட ஒப்பந்தத்தைத் தொட ஆளில்லை. 2013 ஜூனில் ஷ்னைடர் போனார், அடுத்த மார்ச்சில் லுவோங்கோவும் போனார். ஷ்னைடருக்கு ஈடாக, புது இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தெரிவுசெய்யும்போது ஒன்பதாவது தெரிவு கிடைத்தது. அதில் போ ஹோர்வற் வந்தது ஒன்றுதான் ஆறுதல்.

முதலில் எழுதியவன்:
ஒன்றைச் சொல்ல மறந்துபோனேன். எல்லரைப் பிறகு எங்கள் ஆட்கள் வாஷிங்டனுக்கே கொடுத்தார்கள். 2018இல் வாஷிங்டன் கோப்பை வென்ற இரவு, வெற்றி கோல் அவருடையது. அண்ணை உடனே ஃபோன் எடுத்தார். "பாத்தியா, ஹலாக் யாரை வீட்ட அனுப்பினவனோ, அவங்களுக்குத்தான்ரா கடைசியில லாபம்."