38 வந்ததா, வரவில்லையா? கூடுதல் எண் கணக்கில் சேருமா?

பொங்கோல்_பாலா:
நேற்று கோப்பிக்கடையில் ஒரு பெரியவர் நாலு பேரை உட்கார வைத்து வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நாள் வராத நம்பரைத் துரத்தினால் நஷ்டமே கிடையாது" என்று. கையில் நோட்டு வேறு. சிங்கப்பூர் லாட்டரியான டோட்டோவில் ஒவ்வொரு எண்ணும் கடைசியாக எப்போது விழுந்தது என்று அதில் குறித்திருக்கிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாம வெளியே போய் நாலு மாசமாச்சே" என்று பந்துக்கு ஞாபகமா இருக்கும்? திங்களும் வியாழனும் 49 பந்தையும் போட்டுத்தானே உருட்டுகிறார்கள்?

ஈசூன்_நோட்டு:
அந்தப் பெரியவர் நான்தான் தம்பி. பக்கத்து மேசையில் கோப்பி ஓ குடித்துவிட்டுப் போனை நோண்டிக்கொண்டிருந்தது நீங்கள்தானா? நேரில் வாய் திறக்கவில்லை, இங்கே வந்து வீரம். சரி, கேளுங்கள். என் நோட்டுப்படி 38 விழுந்து 31 குலுக்கல் ஆகிவிட்டது. அது வந்தே தீரும். 2009இலிருந்து எழுதுகிறேன், ஒரு குலுக்கல் விட்டதில்லை.

தெம்பனிஸ்_மல்லிகா:
31ஆ? 38 போன மாதம் வந்ததே அண்ணே. ஆறு எண்ணுக்கு அப்புறம் எடுக்கிற கூடுதல் எண்ணாக வந்தது. நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

ஈசூன்_நோட்டு:
கூடுதல் எண் எல்லாம் வந்ததாக ஆகாது அம்மா. முதல் பரிசுக்குக் கூடுதல் எண் வேண்டுமா? வேண்டாம். ஆறு எண்தான் எண்.

தெம்பனிஸ்_மல்லிகா:
இரண்டாம் பரிசுக்கு ஐந்து எண்ணோடு கூடுதல் எண் வேண்டும். நாலாம் பரிசுக்கும் ஆறாம் பரிசுக்கும் வேண்டும். அதே இயந்திரத்திலிருந்து ஏழாவதாக விழுகிற பந்து. வெளியே வந்ததா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

ஈசூன்_நோட்டு:
கல்யாணத்துக்கு வந்தவரும் மறுநாள் பந்தல் பிரிக்க வந்தவரும் ஒன்றா? 38 வரவில்லை.

உட்லண்ட்ஸ்_கணக்கு:
கொஞ்சம் பொறுங்கள். ஆறு எண்ணை மட்டும் எடுத்தால், ஒரு குலுக்கலில் 38 வராமல் போக 49இல் 43 வாய்ப்பு. 31 முறை தொடர்ந்து வராமல் போவது சுமார் 1.7 விழுக்காடு. ஆனால் எண்கள் 49 இருக்கின்றனவே. எந்த நாளில் நோட்டைத் திறந்தாலும் சராசரியாக ஏறக்குறைய ஒரு எண் இப்படி இருக்கும். இன்று 38, அடுத்த வருடம் 11. வருகிற திங்கட்கிழமை 38க்கும் 11க்கும் ஒரே வாய்ப்புதான், 49இல் 6.

ஈசூன்_நோட்டு:
பார்த்தீர்களா, 1.7 விழுக்காடு என்று படித்தவரே சொல்லிவிட்டார். வராமல் இருப்பது அவ்வளவு அபூர்வம் என்றால் என்ன அர்த்தம்? வரப் போகிறது என்றுதானே! நன்றி சார்.

உட்லண்ட்ஸ்_கணக்கு:
ஐயா, நான் சொன்னது அதுவல்ல.

தெம்பனிஸ்_மல்லிகா:
அந்த 31, நோட்டு அண்ணன் கூடுதல் எண்ணைச் சேர்க்காமல் போட்ட கணக்கு. சேர்த்தால் 38 வந்து இன்னும் பத்துக் குலுக்கல்கூட ஆகவில்லை. சேர்க்க வேண்டுமா வேண்டாமா சார்?

உட்லண்ட்ஸ்_கணக்கு:
சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அடுத்த குலுக்கலுக்கு ஒன்றும் மாறாது. இத்தாலியில் இதே பைத்தியம் பிடித்தது. வெனிஸ் குலுக்கலில் 53 கிட்டத்தட்ட இரண்டு வருடம் வரவில்லை. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று சேமிப்பை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2005 பிப்ரவரியில் வந்தது. அதற்குள் எத்தனை குடும்பம் மூழ்கிவிட்டது.

ஈசூன்_நோட்டு:
வந்ததா இல்லையா?

உட்லண்ட்ஸ்_கணக்கு:
வந்தது. ஆனால்

ஈசூன்_நோட்டு:
வந்தது! அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களுக்குப் பொறுமை இல்லை, கையில் காசும் இல்லை. நான் வாரத்துக்கு இரண்டு வெள்ளிதான் போடுகிறேன். என் காசு, என் நோட்டு, உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

தேக்கா_குமார்:
இடையில் ஒரு கேள்வி. டோட்டோவை விடுங்கள். அப்பாவின் பழைய லாரி நம்பரை நாலு இலக்க லாட்டரியான ஃபோர் டியில் பத்து வருடமாக எழுதுகிறேன். ஆறுதல் பரிசுகூட விழவில்லை. இனிமேலாவது விழுமா?

உட்லண்ட்ஸ்_கணக்கு:
ஃபோர் டியில் பத்தாயிரம் எண்ணுக்கு 23 பரிசு. வாரம் மூன்று குலுக்கல் என்று வைத்தால் பத்து வருடத்தில் ஏறக்குறைய 1,560. அத்தனைக்கும் பிறகு ஒருமுறைகூட வராத எண்கள் சுமார் 275 மிச்சம் இருக்கும். உங்கள் லாரியும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறது போல.

தேக்கா_குமார்:
275தானா? அப்படியென்றால் நெருங்கிவிட்டேன்.

பொங்கோல்_பாலா:
கடவுளே. சரி நோட்டு அண்ணே, 2009இலிருந்து விடாமல் எழுதுவதாகச் சொன்னீர்கள். 2014 அக்டோபர் வரைக்கும் டோட்டோவில் 45 எண்தான். 46, 47, 48, 49 அதற்கப்புறம்தான் பிறந்தன. உங்கள் நோட்டில் அந்த நாலும் ஐந்து வருடம் "வராத நம்பர்" என்று இருந்ததா?

ஈசூன்_நோட்டு:
அதற்குத் தனிப் பக்கம் போட்டேன். எல்லாம் யோசித்துத்தான் செய்கிறேன், உங்களைப் போல் கூகுளில் பார்த்துவிட்டு வந்து பேசவில்லை. நோட்டைப் பார்க்க வேண்டுமானால் நேரில் வாருங்கள். ஒரு நாளும் வரமாட்டீர்கள், எனக்குத் தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் உட்கார்ந்து எழுதுகிற பொறுமை உண்டா? இயந்திரமே எண்ணைத் தேர்ந்து கொடுக்கிற குவிக்பிக் பொத்தானை அமுக்கிவிட்டு, கிடைக்கவில்லை என்றால் கணக்குப் பாடம் நடத்துவீர்கள். என் சம்சாரமே இந்த நோட்டைத் தூக்கிப் போடச் சொன்னாள், போடவில்லை. அத்தனை வருட உழைப்பு. 38 வரவில்லை என்று நோட்டு சொன்னால் வரவில்லை.

தெம்பனிஸ்_மல்லிகா:
அண்ணே, நான் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் சீனப் புத்தாண்டு ஹோங்பாவ் குலுக்கலுக்கு ஐந்து பேர் சேர்ந்து எடுத்த சீட்டு ஞாபகம் இருக்கிறதா? மூன்று எண் விழுந்தது, பத்து வெள்ளி. கூடுதல் எண்ணும் விழுந்ததால் அது 25 ஆனது. நீங்கள்தான் போய் வாங்கினீர்கள். அன்றைக்கு மட்டும் கூடுதல் எண் எண்ணாக இருந்ததா?

ஈசூன்_நோட்டு:
பரிசு வேறு, வருகைக் கணக்கு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

தெம்பனிஸ்_மல்லிகா:
என் பங்கு ஐந்து வெள்ளி இன்னும் வரவில்லை. அதையும் உங்கள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா?

பொங்கோல்_பாலா:
ஐயோ.

ஈசூன்_நோட்டு:
அன்று கோப்பியும் ரொட்டியும் யார் வாங்கிக் கொடுத்தது? அதில் கழிந்துவிட்டது. ஐந்து பேருக்கும் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

தெம்பனிஸ்_மல்லிகா:
நான் கோப்பியே குடிப்பதில்லை அண்ணே. அன்று டீ குடித்தேன், என் காசில்.

உட்லண்ட்ஸ்_கணக்கு:
எந்த எண் எடுத்தாலும் விற்பனையில் 54 விழுக்காடுதான் பரிசாகத் திரும்புகிறது. அதைப் பற்றி யாராவது

ஈசூன்_நோட்டு:
சார், உங்களை யாரும் கேட்கவில்லை. மல்லிகா அம்மா, டீயோ கோப்பியோ, ரொட்டி சாப்பிட்டீர்களா இல்லையா? பாலா தம்பி, திங்கட்கிழமை ஆறரை மணிக்கு அதே மேசையில் இருப்பேன். 38 விழுந்ததும் பேசுவோம்.

பொங்கோல்_பாலா:
கூடுதல் எண்ணாக விழுந்தால்?

ஈசூன்_நோட்டு:
அப்படி விழுந்தால் விழுந்ததாக ஆகாது என்று எத்தனை தரம் சொல்வது?

தெம்பனிஸ்_மல்லிகா:
ரொட்டியும் சாப்பிடவில்லை.