ஒலிப் பணிநிலையமா, ஒலிப்பட்டறையா?

அன்புள்ள குழுவினருக்கு,

பல ஒலித்தடங்களைப் பதிந்து கலக்க உதவும் 'டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன்' என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'எண்ணிம ஒலிப் பணிநிலையம்' என்று இருக்கிறது. அதை 'ஒலிப்பட்டறை' என்று மாற்றலாம் என முன்மொழிகிறேன்.

தொடக்கத்தில் கணினி, வட்டு, மேசை எல்லாம் சேர்ந்த தனி இயந்திரமாக இருந்தபோது 'நிலையம்' பொருந்தியது. இன்று அது மடிக்கணினியில் நிறுவும் மென்பொருள். காரைக்குடியில் 'ஒலி நிலையம்' என்றால் கல்யாணத்துக்கு மைக் செட் வாடகைக்கு விடும் கடை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பட்டறை அப்படியல்ல. ஆத்தங்குடிக் கல் பட்டறையில் அச்சின் அறைகளில் நிறங்களைத் தனித்தனியாக ஊற்றுகிறார்கள். இந்த மென்பொருளிலும் ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் (டிராக்) பதிகிறோம்: நாதஸ்வரம் ஒரு தடம், ஒத்து ஒரு தடம், தவிலுக்கு இரு பக்கமும் இரண்டு தடம்.

சொல்லின் எல்லையையும் வரையறுத்துவிட வேண்டும். பல தடங்களைத் தனித்தனியாகப் பதிவது, மிடி (ஒலி அல்ல, எந்தச் சுரத்தை எப்போது வாசித்தோம் என்ற குறிப்பு) பதிந்து திருத்துவது, செருகுநிரல்களை (பிளகின் என்னும் துணை மென்பொருள்கள்) ஏற்பது, தடங்களைச் சேர்த்துக் கலவை (மிக்ஸிங்) செய்வது: நான்கும் இருந்தால் ஒலிப்பட்டறை. ஆர்டோர், ரீப்பர், கியூபேஸ், லாஜிக் இதில் வரும். ஆடாசிட்டியில் 2022இல் வந்த 3.2 பதிப்பு முதல் ஓடும்போதே ஒலி விளைவுகளை (எஃபெக்ட்) சேர்க்க முடிகிறது. ஆனால் மிடி பதிவு இல்லை. அதை 'ஒலித்தொகுப்பி' என்போம். ஒருவர் பேச்சை மட்டும் பதிந்து வெட்டி ஒட்ட ஒலித்தொகுப்பி போதும். கச்சேரிக்குப் போதாது.

தேர்வு செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது கணினியை. கணினிகளில் லாஜிக் மேக்கில் மட்டும் ஓடும். லினக்ஸ் என்றால் ஆர்டோர் அல்லது ரீப்பர். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். வட்டிலும் இடம் வேண்டும்: 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரி, அதாவது ஒலியின் அளவீடு), ஒவ்வொரு மாதிரிக்கும் 24 பிட் என்று பதிந்தால் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.64 எம்பி. எட்டுத் தடம், ஒரு மணி நேரம் என்றால் நாலு ஜிபிக்கு மேல்.

காரைக்குடியிலிருந்து

---

அண்ணே, வணக்கம்.

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் 'கவிதைப் பட்டறை', 'சிறுகதைப் பட்டறை' என்று பயிற்சி நிகழ்வுக்கும் அதே சொல் வந்துவிட்டது. 'ஒலிப்பட்டறையில் சேர்ந்தேன்' என்றால் குழப்பம்தானே?

இன்னொன்று. பட்டியலில் 'லேட்டன்சி', 'டிலே' இரண்டுக்கும் 'தாமதம்' என்றே இருக்கிறது. இரண்டும் ஒரே திரையில் வருபவை. லேட்டன்சி என்பது வாசித்த ஒலி நம் காதுக்குப் பிந்தி வரும் தொல்லை; டிலே என்பது ஒலியைச் சற்றுப் பின்னால் மறுபடி கேட்கவைக்க நாமே வேண்டிச் சேர்க்கும் விளைவு. ஒரே சொல்லை வைத்தால் கற்பவர் தவறான இடத்தில் கைவைப்பார்.

தேவகோட்டையிலிருந்து

---

தம்பி,

வினைச்சொல் காப்பாற்றும். நிகழ்வை நடத்துகிறோம், அதில் சேர்கிறோம்; மென்பொருளை நிறுவுகிறோம், திறக்கிறோம். ஐயம் வரும் இடத்தில் 'ஒலிப்பட்டறை மென்பொருள்' என்று எழுதிவிடலாம்.

இரண்டாவது குறை முழுக்க நியாயம். லேட்டன்சிக்கு 'சுணக்கம்' என்று வைப்போம். வேலை சுணங்குகிறது என்று வீட்டில் பேசுகிற சொல்தான். விளக்கத்தில் கணக்கையும் சேர்க்க வேண்டும்: இடையகம் (பஃபர், ஒலி சற்று நேரம் தங்கிச் செல்லும் நினைவிடம்) 256 மாதிரி, 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லிநொடி. உள்ளே, வெளியே இரண்டு வழி சேர்ந்தால் 10.7, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டும். 1024 மாதிரியில் விட்டுவிட்டால் 42 மில்லிநொடியைத் தாண்டும். மீட்டிய நாதம் ஹெட்போனில் பிந்திக் கேட்கும். வாசிப்பவர் அதற்காகக் காத்து, தாளம் இழுபடும். 64க்கு இறக்கினால் கணினியின் செயலி (பிராசஸர்) நேரத்துக்குள் கணக்கை முடிக்க மாட்டாமல் படபடவென்று வெடிப்போசை விழலாம். பதியும்போது 128, கலவையில் 1024 என்பது நல்ல தொடக்கம். விண்டோஸில் இன்டர்ஃபேஸுக்கு உரிய ஏசியோ (ASIO, சுணக்கத்தைக் குறைக்கும் முறை) டிரைவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எந்த ஒலிப்பட்டறையிலும் சுணக்கம் குறைவது கடினம். இந்தப் பழியை மென்பொருள்மேல் போட்டு வேறொன்றை வாங்குகிறவர்கள் பலர்.

அறைக்குள் ஒலி சுவர்களில் பட்டுத் திரும்பி நீடிக்கும் ரிவெர்புக்குப் பாடநூலில் உள்ள 'எதிர்முழக்கம்' இருக்கட்டும். நம் செட்டிநாட்டு வளவு (முற்றம்) வீடுகளில் பதிந்தால் வழவழத் தரையும் சுண்ணாம்புச் சுவரும் அதைத் தாமே சேர்த்துவிடும், பிறகு முழுதாக நீக்க முடியாது. மைக்கைக் கருவிக்கு அருகே வைப்பதுதான் வழி.

'எதிரொலி' எக்கோவுக்கு வேண்டும். ஆகவே டிலே விளைவுக்குப் 'பின்னொலி'. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் ஒலிப்பட்டறை, ஒலித்தொகுப்பி, சுணக்கம், பின்னொலி நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.