டேக் போட்ட டேபிளை லைப்ரரியில் எப்படிக் காட்டுவது? ஒரே அடுக்கா, மூன்று அடுக்கா?

உவர்மலை_வாசி:
திருகோணமலையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மீன் கொள்வனவுக் கணக்குக்கு ஒரு மென்பொருள் செய்கிறோம். கொட்பேயிலும் திருக்கடலூரிலும் கரைக்கு வரும் மீன், நிறை, விலை, படகு எண், படகுக்காரரின் தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அமேசான் கிளவுட்டில் கிடக்கின்றன. யார் எதைப் பார்க்கலாம் என்பதை, அங்கே அனுமதிகளைக் கவனிக்கும் லேக் ஃபார்மேஷனில், எல்எஃப்-டேக் (பெயரும் மதிப்பும் கொண்ட ஓர் அடையாளச் சீட்டு) போட்டுக் கட்டுப்படுத்துகிறோம். பழக்கமில்லாதவர்களுக்காக: டேட்டாபேஸில் ஒரு டேக் போட்டால் அது கீழே உள்ள டேபிள்களுக்கும், அவற்றின் நிரல்களுக்கும் தானாக இறங்கும். டேபிளிலோ நிரலிலோ அதே டேக்குக்கு வேறு மதிப்புக் கொடுத்தால் அங்கே அதுதான் செல்லும்.

டேக்கை வைத்து டேபிள்களைத் தேடினால் 'டேக்ட் டேபிள்' என்று ஒன்று கையில் வரும். அதற்குள் டேபிள் விவரம், டேட்டாபேஸில் உள்ள டேக், டேபிளில் உள்ள டேக், நிரல்களில் உள்ள டேக் என்று நான்கு பகுதி. எங்கள் சொந்த பைதான் லைப்ரரியில் இதை எப்படி வைத்துக்கொள்வது என்று இரண்டு நாளாகச் சண்டை. என் கட்சி: வந்த மூன்று டேக் அடுக்கும் வந்தபடியே இருக்க வேண்டும்.

(நிரல் என்று நான் எழுதுவது பள்ளிக்கூடத்தில் படித்த நிரை-நிரல். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு நிரல் என்றால் புரோகிராம். குழம்ப வேண்டாம்.)

மான்_கூட்டம்:
அந்தச் சண்டையில் மற்றக் கட்சி நான்தான். மீன்கடையில் சூரை கிலோ என்ன விலை என்று கேட்டால் டீசலுக்கு இவ்வளவு, ஐஸுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்றா சொல்கிறார்கள்? விலையைச் சொல்வார்கள். எங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்களுக்கும் ஒரே கேள்விதான்: இந்த நிரலை வெளியே அனுப்பலாமா, கூடாதா? மூன்று பட்டியலைக் கையில் கொடுத்து 'நீயே கூட்டிப் பார்' என்றால், கூட்டுகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கூட்டுவார்கள்.

பாலையூற்றுப்_பொடியன்:
இடையில் ஒரு சந்தேகம். டேக் என்பது மாதக் கடைசியில் எந்த புரொஜெக்டுக்கு எவ்வளவு பில் என்று பிரித்துப் பார்க்கப் போடுவது இல்லையா?

நிலாவெளி_நிலா:
அது வேறு, தம்பி. நீங்கள் சொல்வது சாதாரண ரிசோர்ஸ் டேக். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் மயக்கம். எல்எஃப்-டேக் அனுமதிக்கானது. இன்னொரு வித்தியாசமும் உண்டு: சாதாரண டேக்கில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுவேறு. எல்எஃப்-டேக்கை எப்படிக் கொடுத்தாலும் சின்ன எழுத்தாக்கித்தான் சேமிக்கும். 'பிரைவேட்' என்பதைப் பெரிய பி போட்டு எழுதிவிட்டு, கோடிலும் அதே பெரிய பியை வைத்து ஒப்பிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று ஒரு மத்தியானம் முழுக்க மண்டையைக் குடைந்தவள் நான்.

உவர்மலை_வாசி:
நன்றி நிலா. மச்சான் மான், உன் ஒரே விடை போன மாதம் என்ன செய்தது என்று சபையில் சொல்லட்டுமா?

இவன் எழுதியது இதுதான். ஒரு வெற்று டிக்ஷனரி. முதலில் டேட்டாபேஸ் டேக்கை அதில் கொட்டு. பிறகு டேபிளின் டேக்கை மேலே கொட்டு. பிறகு நிரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் டேக்கையும் கொட்டு. படகு டேபிளில் தொலைபேசி நிரலுக்கு 'பிரைவேட்' என்று டேக். அதற்கு அடுத்த நிரல் நிறை, அதற்கு 'பப்ளிக்'. கடைசியாக வந்தது முன்னே இருந்ததை அழித்துவிட்டது. முழு டேபிளும் 'பப்ளிக்' என்று வெளியே வந்தது. எக்செல் எடுக்கும் ஸ்கிரிப்ட் அட்மின் ரோலில் ஓடுவதால் லேக் ஃபார்மேஷனும் தடுக்கவில்லை. ஒரு மொத்த வியாபாரியின் கையில் படகுக்காரர் எல்லாருடைய தொலைபேசி இலக்கமும் போய்விட்டது.

கிண்ணியா_நானா:
சிரிக்கிற விஷயம் இல்லை இது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுக்கென்றே வந்தது. அடையாள அட்டை இலக்கமும் போயிருந்தால் இன்னும் மோசம். அதைப் பார்த்தே பிறந்த ஆண்டு, நாள், ஆணா பெண்ணா என்பதுவரை சொல்லிவிடலாம். பெண்களுக்கு, ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்ற எண்ணோடு 500 கூட்டியிருக்கும்.

மான்_கூட்டம்:
பிழை என்னுடையது, அன்றே ஒத்துக்கொண்டேன். ஆனால் நானா, அது தட்டையாக்கியதால், அதாவது எல்லா அடுக்கையும் ஒன்றாக்கியதால், வந்த பிழை இல்லை, டேபிள் அளவில் தட்டையாக்கியதால் வந்த பிழை. நிரல் நிரலாகத் தட்டையாக்கியிருந்தால் தொலைபேசிக்கு 'பிரைவேட்', நிறைக்கு 'பப்ளிக்' என்று சரியாக வந்திருக்கும். ஒரு இடத்தில் ஒரு டேக்குக்கு ஒரு மதிப்புத்தான் இருக்க முடியும். ஆகவே ஒவ்வொரு நிரலுக்கும் கடைசி விடை ஒன்றுதான். அதைக் கொடுத்தால் போதும். அது எங்கிருந்து இறங்கியது என்று யாருக்குக் கவலை?

உவர்மலை_வாசி:
மாற்றப் போகிறவனுக்குக் கவலை. நாளைக்கு டேட்டாபேஸின் டேக்கை மாற்றினால் எந்த டேபிள் கூடவே மாறும், எது மாறாது? மேலிருந்து இறங்கியது மாறும். டேபிளிலேயே போட்டது மாறாது. உன் விடையில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். இது நான் மட்டும் சொல்வது இல்லை. ஒரு ரிசோர்ஸின் எல்எஃப்-டேக்குகளைக் கேட்கும் அழைப்பில், அங்கேயே நேரடியாகப் போட்டதை மட்டும் காட்டு என்று கேட்கத் தனியாக ஒரு விருப்பம் வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் தேவையில்லாமலா வைத்தார்கள்?

நிலாவெளி_நிலா:
நான் ஜாவாக்காரி. எங்கள் பக்கம், அமேசானின் ஜாவா லைப்ரரியின் இரண்டாம் பதிப்பில், பட்டியல் வரவே இல்லையா, காலியாக வந்ததா என்று பிரித்துக் கேட்க 'ஹேஸ்' என்று தொடங்கும் ஒரு மெதட் உண்டு. அமேசானின் பைதான் லைப்ரரியான போட்டோ3-இல் இப்படி வகுப்பும் இல்லை, மெதடும் இல்லை, வெறும் டிக்ஷனரி. வரவில்லை என்றால் கீ இருக்காது, அவ்வளவுதான். உங்கள் லைப்ரரியில் எந்த அடுக்கை வைத்தாலும், 'டேக் இல்லை'யும் 'தெரியவில்லை'யும் ஒன்றாகிவிடாமல் பாருங்கள். தெரியவில்லை என்றால் எக்செலுக்குப் போகக் கூடாது. ஒரு அடுக்கா மூன்று அடுக்கா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிது.

கிண்ணியா_நானா:
நிலா டிக்ஷனரி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த மூன்று பகுதிகளின் பெயரையும் கவனித்தீர்களா? டேபிளுக்கு 'டேக்ஸ் ஆன் டேபிள்', பன்மை. நிரலுக்கும் பன்மை. டேட்டாபேஸுக்கு மட்டும் 'டேக் ஆன் டேட்டாபேஸ்', ஒருமை. உள்ளே இருப்பது பட்டியல்தான், பெயரில் மட்டும் 'ஸ்' இல்லை. 'கெட்' போட்டு எடுக்கிறவன் பழக்கத்தில் 'ஸ்' சேர்த்துவிட்டால் பைதான் சத்தம் போடாது, ஒன்றுமில்லை என்று கையை விரிக்கும். வாசி, உங்கள் கோடை ஒருக்காப் பாருங்கள்.

மான்_கூட்டம்:
பார் மச்சான், பார். மூன்று அடுக்கும் வந்தபடியே!

உவர்மலை_வாசி:
பார்த்தேன். 'ஸ்' இருக்கிறது.

அப்புறம்தான் மற்றதும் விளங்கியது. இரண்டு மாதத்துக்கு முன் டேட்டாபேஸில் போட்ட டேக் எங்கள் லைப்ரரியில் காலியாகவே வந்தது. நான் லேக் ஃபார்மேஷனைத் திட்டிக்கொண்டு, ஆறு டேபிளிலும் கையால் திரும்ப அதே டேக்கைப் போட்டேன். இப்போது அந்த ஆறும் நேரடியாகப் போட்டவை. டேட்டாபேஸில் என்ன மாற்றினாலும் இனி அவை அசையாது.

மான்_கூட்டம்:
அப்போ உன் மூன்று அடுக்கில் ஒரு அடுக்கு முதல் நாளிலிருந்தே பொய். நான் எழுதியதிலும் டேட்டாபேஸ் டேக்கை உன் ஃபங்ஷனிலிருந்துதான் எடுத்தேன் என்பதை எல்லாரும் கவனிக்கவும்.

உவர்மலை_வாசி:
கவனிக்கட்டும். ஆனாலும் கட்சி மாற மாட்டேன். அந்த ஆறையும் கண்டுபிடித்துக் கழற்ற எது மேலிருந்து வந்தது, எது அங்கேயே போட்டது என்று பிரித்துத் தெரிய வேண்டுமே? உன் ஒரே விடையை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பாய்?

மான்_கூட்டம்:
சரி, நிரலுக்கு ஒரு விடை கொடுப்போம், எந்த அடுக்கில் இருந்து வந்தது என்பதையும் அந்த விடையோடு ஒட்டி வைப்போம். மூன்று பட்டியலை வெளியே நீட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

உவர்மலை_வாசி:
பட்டியல்கள் உள்ளே இருக்கும், நீ பார்க்க வேண்டாம். கீயைக் 'கெட்' போட்டு எடுக்கிற வேலை ஒரே ஒரு இடத்தில் மட்டும் நடக்கும். அந்த இடத்தில் தெரியாத பெயர் வந்தால் நிறுத்திக் கத்தும். நிலா சொன்ன 'தெரியவில்லை'யும் தனியாக வரும்.

பாலையூற்றுப்_பொடியன்:
அந்த ஆறு டேபிளையும் கழற்றுகிற ஸ்கிரிப்டை நான் எழுதிப் பார்க்கட்டுமா அண்ணை? அட்மின் ரோல் வேண்டாம்.