ஆறாம் வகுப்பு சமூக அறிவியலுக்கு எப்படித் தயாராவது?

வணக்கம். மகள் இந்த வருடம் ஆறாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், தமிழ் வழி. சமூக அறிவியல் புத்தகத்தை நானும் வாசித்துப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது. வரலாறு, புவியியல், குடிமையியல் என்று பிரித்திருக்கிறார்கள். மனிதப் பரிணாமம், சிந்துவெளி, அப்புறம் பூம்புகார், மதுரை, காஞ்சி. குடிமையியலில் பன்முகத்தன்மையும் சமத்துவமும்.

மொகஞ்சதாரோ பெருங்குளத்தில் தண்ணீர் கசியாமல் இருக்கத் தார் பூசியிருந்தார்கள் என்று படித்ததும், "அந்தக் காலத்தில் தார் எங்கிருந்து கிடைத்தது?" என்று கேட்டாள். இந்த ஆர்வம் கோடிட்ட இடம் நிரப்புவதிலும் ஒரு மதிப்பெண் வினாக்களிலும் கரைந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஆறு முதல் எட்டு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்த பெற்றோர் சொல்லுங்கள். புத்தகப் பின்பயிற்சி போதுமா, சொந்தமாக எழுதும் கேள்விகளும் வருமா? வரைபடப் பயிற்சியை வீட்டில் எப்போது தொடங்கலாம்? டெல்லி சுல்தானியம் வரும் ஏழாம் வகுப்பில் ஆண்டுகளும் அரசர் பெயர்களும் குவியும் என்கிறார்கள். மனப்பாடம் செய்ய வைக்காமல் அதை எப்படிச் சமாளித்தீர்கள்? கீழடி அருங்காட்சியகத்துக்கு இப்போதே கூட்டிப் போகலாமா, சிந்துவெளிப் பாடம் முடிந்த பிறகா?