பதவியேற்பு வெள்ளி மெடல்: கருப்பைத் துடைக்கலாமா?

குளச்சல்காரன்:
அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் 1973 பதவியேற்பு மெடல் ஒண்ணு விலைக்கு வருது. ஓரத்தில் ‘ஸ்டெர்லிங்’ (ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி) முத்திரை இருக்கு. முகப்பு கருத்திருக்கு, பிளாஸ்டிக் உறை பிசுபிசுக்குது. கீறாமல் வெள்ளியான்னு பார்க்க முடியுமா? தட்டார் கடையில் பாலிஷுக்குக் கொடுக்கலாமா?

உரைகல்:
உரைகல் பக்கமே கொண்டுபோகாதீங்க. ஒரு கோடு விழுந்தாலும் மிஞ்சுவது உருக்கி விற்கும் வெள்ளி விலைதான். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு போதும். முதலில் மெடலை எடை போட்டுக்குங்க. பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மெடலை நூலில் கட்டி முழுசா முக்குங்க. அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது. எடையை அப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 925 வெள்ளிக்கு 10.3 முதல் 10.4. மெடல் 60 கிராம் என்றால் தராசு 5.8 பக்கம் நிற்கும். வெள்ளி முலாம் பூசிய வெண்கலம் 6.8-ஐ ஒட்டிப் போகும். எழுத்து இடுக்கில் காற்றுக்குமிழ் இருந்தால் நல்ல வெள்ளியும் போலி மாதிரி காட்டும். தண்ணீரில் ஒரு துளி பாத்திர சோப்பு விட்டால் குமிழ் ஒட்டாது.

தக்கலை_நாணயம்:
பிசுபிசுப்பு பிவிசி பிளாஸ்டிக் உறையின் வேலை. விட்டுவைத்தால் பச்சையாகி உலோகத்தை அரிக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றிச் சில நிமிஷம் ஊறவைத்து, தேய்க்காமல் உலர விடுங்க. நெருப்பு பக்கத்தில் வேண்டாம். நகப்பூச்சு நீக்கும் திரவம் கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

கருப்பு வெறும் சல்பைடு (வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த) படலம், அதை விடுங்க. பாலிஷ் போட்டால் முகத்தின் மேடு தேயும். அலுமினியத்தாள், சமையல் சோடா வித்தையும் வேண்டாம். பள்ளங்களில் வேண்டுமென்றே ஏற்றிய கருமையையும் அது உரித்துவிடும், மெடல் வெளிறிப்போகும்.

நம்ம கடற்கரை உப்புக்காற்றுக்கும், ஆனி ஆடிச் சாரலுக்கும், ஐப்பசி மழைக்கும் மரப்பெட்டி ஆகாது. பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் உறை, இறுக மூடும் டப்பா, சிலிக்கா ஜெல். ஜெல்லை அப்பப்போ சூடாக்கி ஈரம் போக்கணும். ரப்பர் பேண்ட் மட்டும் போடவே போடாதீங்க, அதிலுள்ள கந்தகமே கருப்பைக் கொண்டுவரும்.

உரைகல்:
இன்னொண்ணு. வெள்ளியா என்பது வேற, பதவியேற்பு விழாவை நடத்திய குழு வெளியிட்ட மெடலா என்பது வேற. 1973 குழு மெடலை அடித்த ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நாணயச்சாலை, ஜனாதிபதிகள் வரிசை என்று வேறு வெள்ளி மெடல்களும் விற்றிருக்கு. குழு மெடலைச் செதுக்கியவர் கில்ராய் ராபர்ட்ஸ், கென்னடி அரை டாலரின் முகப்பைச் செய்தவர். பணம் கொடுக்கும் முன் இருபுறமும் ஓரமும் தெளிவாகத் தெரியும் படம் கேளுங்க.