கண்ணு தெரியுமா தெரியாதான்னு கேக்குறவங்களுக்கு நீங்க என்ன பதில் சொல்றீங்க?

பாதி வெளிச்சம்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 34, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமா ஆர்பி, அதாவது விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா கெடுற பரம்பரை நோய். சின்ன வயசுல மாலைக்கண் மாதிரி தான் ஆரம்பிச்சுது, கரண்ட் போனா எல்லாருக்கும் கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும், எனக்கு மட்டும் இருட்டு இருட்டாவே நிக்கும். அப்புறம் ஓரப் பார்வை வருஷா வருஷம் சுருங்கி இப்போ ஒரு குழாய் வழியா பாக்குற மாதிரி ஆயிடுச்சு. எதிர்ல நிக்கிறவரோட முகம் தெரியும், அவர் கை குலுக்க நீட்டுற கை தெரியாது. போன்ல சின்ன எழுத்தையும் படிச்சிடுவேன், ஆனா யாராவது நகத்தி வச்ச ஸ்டூல்ல முட்டிய இடிச்சுப்பேன். இதைத்தான் யாருக்கும் புரிய வைக்க முடியல.

போன வாரம் பஸ்ல என் வெள்ளைக் குச்சிய மடிச்சு மடில வச்சிட்டு மெசேஜ் படிச்சிட்டு இருந்தேன். பக்கத்துல நின்ன ஒருத்தர், "குருடி மாதிரி நடிச்சு சீட்டு வாங்கிட்டு போன் பாக்குறியா"ன்னு சத்தமா கேட்டார். அதுவரைக்கும் இருந்த பேச்சு சத்தம் எல்லாம் அப்படியே நின்னு போச்சு. என்னால வாயத் திறக்க முடியல, ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிட்டேன். பழக்கமில்லாத இடம், எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாம கம்பத்தப் பிடிச்சுட்டு நின்னேன்.

அவர் மட்டும் இல்ல. எவ்வளவு தெரியும், ஆபரேஷன் பண்ணலாமே, கண் தானம் கிடைக்காதா, உங்க பொண்ணுக்கும் வருமா, இப்படி தினமும் யாராவது கேக்குறாங்க. நல்ல மனசோட கேக்குறவங்களும் உண்டு, ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அசந்து போயிடறேன். நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

ஆறுபுள்ளி:
அக்கா, அந்த பஸ் விஷயம் படிச்சதும் கோவம் தான் வந்துச்சு. ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, நீங்க நடிக்கல. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படியே, ரெண்டு கண்ணுல எது நல்லா இருக்கோ அதுலயே பார்வைப் பரப்பு நடுவுல இருந்து 10 டிகிரிக்குள்ள சுருங்கிட்டா அது பார்வையின்மை தான், நடுவுல எழுத்து எவ்வளவு தெளிவா தெரிஞ்சாலும் சரி. நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஏதோ கொஞ்சம் தெரியும், வெளிச்சமாவது தெரியும். என்ன மாதிரி பிறவிலேயே ஒண்ணும் தெரியாதவங்க கம்மி தான். வெளியில இருக்குறவங்க மனசுல பார்வைன்னா ஸ்விட்ச் மாதிரி, ஒண்ணு ஆன் இல்ல ஆஃப், சிக்கலே அங்க தான்.

நான் ஒரே ஒரு வரி ரெடியா வச்சிருக்கேன், யார் கேட்டாலும் அது தான். உங்களுக்கு "நடுவுல தெரியும், சுத்தி தெரியாது, இருட்டுல எதுவுமே தெரியாது"ன்னு சொன்னா போதும். அதுக்கு மேல கேட்டா பதில் சொல்றதும் சொல்லாததும் உங்க அன்னைய தெம்பப் பொறுத்தது. குழந்தைங்க கேட்டா மட்டும் நான் உக்காந்து முழுசா சொல்லுவேன், பிரெயில் பேப்பர குடுத்து விரல வச்சு தடவிப் பாக்கச் சொல்லுவேன், ஆறே புள்ளில எல்லா எழுத்தும் அடங்கிடுதுன்னு அதுங்க ஆச்சரியப்படுறத கேக்கவே நல்லா இருக்கும். "உங்களுக்கு கனவு வருமா"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. வரும் பாப்பா, ஆனா படமா வராது, அதுல குரல் இருக்கும், படிக்கட்டு கம்பியோட ஜில்லுன்னு இருக்குற தொடு உணர்ச்சி இருக்கும், மழை வாசம் இருக்கும்னு சொன்னேன்.

எனக்குத் தாங்க முடியாதது வேற. கூட வர்றவங்க கிட்ட "இவருக்கு என்ன வேணுமாம்"னு கேப்பாங்க பாருங்க, அது. அந்தக் கேள்விக்கு கூட வந்தவங்க பதில் சொல்லிட்டா எனக்கு ரெண்டு நாள் மனசு ஆறாது.

தனிவழி:
ஏன் பதில் சொல்லணும்னு நான் கேக்குறேன். கால் உடைஞ்சவன் எக்ஸ்ரேய கைல தூக்கிட்டா அலையுறான்? "இது என் உடம்பு, பேச விருப்பமில்ல"ன்னு சொல்லிப் பழகுங்க சகோ. முதல்ல ஒரு மாதிரி இருக்கும், பழகிடும்.

நாப்பத்தொண்ணு:
தனிவழி சொல்றது சரி தான், ஆனா எல்லாராலயும் அப்படி முகத்துக்கு நேரா சொல்ல முடியாதும்மா, என்னால முடிஞ்சதில்ல.

எனக்கு கிளாக்கோமா, அதாவது கண் நரம்பு கெடுற நோய், 41 வயசுல பார்வை முழுசா போச்சு. கண் தானம் பத்தி என்கிட்டயும் நூறு பேர் கேட்டிருப்பாங்க. நான் இப்படி சொல்லுவேன்: தானமா வர்ற கண்ணுல இருந்து முக்கியமா எடுத்து வைக்கிறது கருவிழி, அதாவது முன்னாடி இருக்குற கண்ணாடி மாதிரி பகுதி. அது கெட்டவங்களுக்கு அது வரம். எனக்குக் கெட்டது பின்னாடி இருக்குற நரம்பு, அதுல பத்து லட்சத்துக்கும் மேல இழைங்க இருக்கு, அறுந்தத மூளையோட மறுபடி கோர்த்து விட இன்னும் யாருக்கும் வழி தெரியல. 2023ல ஒருத்தருக்கு முழுக் கண்ணையே வச்சாங்க, ரத்த ஓட்டம் வந்துச்சு, பார்வை வரல. உங்களுக்கு விழித்திரை, அதுல இருட்டுல பாக்க உதவுற ராடு செல்லு முதல்ல சாகும், கருவிழி மாத்தினா அது திரும்பாது. இவ்வளவு சொன்னா கேக்குறவங்க "அப்படியா"ன்னு உண்மையிலயே புரிஞ்சுக்கிட்டு தான் போறாங்க.

பொண்ணுக்கு வருமாங்குற கேள்விய மட்டும் தெருவுல போறவங்களுக்கு விட்டுக் குடுக்காதீங்க. ஆர்பிக்கு காரணமான ஜீன் 80க்கும் மேல இருக்கு, வீட்டுக்கு வீடு அது இறங்குற விதமே வேற. ஜீன் டெஸ்ட் எடுத்து, கவுன்சிலிங்ல கேட்டா தான் உங்களுக்கு விடை. ஆர்பிஇ65 ங்குற ஒரே ஒரு ஜீனுக்கு 2017ல இருந்து மருந்தும் இருக்கு, அதனால எந்த ஜீன்னு தெரிஞ்சு வச்சுக்கிறது வீண் போகாது.

இன்னொண்ணு, இத யாரும் கேக்க மாட்டாங்க அதனால நானே சொல்லிடறேன். பார்வை போன சில மாசத்துல எனக்கு இல்லாத உருவம் தெரிய ஆரம்பிச்சுது. சுவர் முழுக்க வலை வலையா டிசைன், ஒரு நாள் கட்டில் ஓரத்துல தொப்பி போட்ட குட்டி குட்டி ஆளுங்க. சத்தம் கிடையாது, சும்மா நிப்பாங்க. பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு பயந்து நாலு மாசம் பொண்டாட்டி கிட்ட கூட வாயத் திறக்கல. அப்புறம் கண் டாக்டர் தான் சொன்னார், இதுக்கு சார்லஸ் பொனே சிண்ட்ரோம்னு பேரு, 1760லயே எழுதி வச்சிருக்காங்க, கண்ணுல இருந்து சேதி வராததால மூளை தானா படம் வரையுது, மனநோய் இல்லன்னு. அந்தப் பேரக் கேட்ட அன்னைக்கு ராத்திரி தான் நிம்மதியா தூங்கினேன். உங்களுக்கு எப்பவாவது வந்தா ஒளிச்சு வைக்காதீங்க.

பாதி வெளிச்சம்:
ஐயா, ரொம்ப நன்றி. ஆறுபுள்ளி தம்பிக்கும் நன்றி, அந்த ஒரு வரிய போன்ல எழுதி வச்சுக்கிட்டேன்.

உண்மைய சொல்லிடறேன். பஸ்ல கேட்டவர் கேள்வி இல்ல என்ன தூங்க விடாதது. என் பொண்ணுக்கு ஏழு வயசு. ஞாயித்துக்கிழமை தல பின்னிட்டு இருக்கும்போது, "அம்மா, நான் பெரியவளானா என் மூஞ்சி உனக்குத் தெரியாதா"ன்னு கேட்டா. நான் பேச்ச மாத்திட்டேன். அவளும் அதுக்கப்புறம் கேக்கல, அது தான் இன்னும் கஷ்டமா இருக்கு. நடுப் பார்வையும் போயிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார், எப்போன்னு சொல்ல முடியாதாம். இதுக்கு என்ன சொல்றது?

கூட நடக்கிறவ:
என் வீட்டுக்காரருக்குப் பார்வையில்ல, அதனால இத கேட்டதும் வேற வேலை ஓடல எனக்கு. பொய் மட்டும் சொல்லாதீங்க அக்கா. எங்க பசங்க கிட்ட "சரியாயிடும்"னு நாங்க சொல்லி வச்சு, அது ஆகலன்னு அவங்களே கண்டுபிடிச்சப்போ, நோவ விட நாங்க சொன்ன பொய்யத் தான் அவங்களால மன்னிக்க முடியல.

நாப்பத்தொண்ணு:
எனக்குப் பார்வை போனப்போ என் பையனுக்கும் ஏழு தாம்மா. இப்போ அவனுக்கு பதினஞ்சு. என் மனசுல அவன் முகம் அந்த ஏழு வயசுலயே நின்னு போச்சு, முன்பல் ரெண்டும் விழுந்த முகம். அதுல இருந்து இந்தக் கட்டைக்குரல் வரும்போது முதல்ல பொருந்தவே இல்ல. அழுதிருக்கேன்.

அவன் கூட வெளிய போகும்போது முறைப்படி முழங்கைய பிடிச்சு அரை அடி பின்னாடி நடக்கணும், ஆனா அவன் அப்போ குள்ளம், அதனால தோள்ல கை வச்சு நடப்பேன். கைய நல்லா கீழ இறக்கணும், இடுப்புக்கு ஒரு சாண் மேல. ஒரு வருஷம் கழிச்சு கை தானா கொஞ்சம் மேல போச்சு. அப்புறம் கைய நேரா நீட்டினா சரியா இருந்துச்சு. போன வருஷத்துல இருந்து கைய மேல தூக்க வேண்டியிருக்கு, தோள்பட்டை எலும்பு அகலமாயிருக்கு, இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சு நடக்குறான், எங்கப்பா மாதிரியே. அவன் சாயலு எங்கப்பான்னு எனக்கு வேற யாரும் சொல்லல, என் கை தான் சொல்லுச்சு.

அதனால பொண்ணு கிட்ட தெரியாமப் போகலாம்னு தான் சொல்லுங்க. ஆனா அதோட நிறுத்தாதீங்க. இப்போ தெரியுற வரைக்கும் நல்லா பாத்துக்கங்க, அவ பக்கத்துல உக்காந்து வெளிச்சத்துல பாருங்க, அவளுக்கும் நீங்க பாக்குறீங்கன்னு தெரியட்டும்.

ஆறுபுள்ளி:
அக்கா, நான் எங்கம்மா முகத்த ஒரு நாளும் பாத்ததில்ல. சினிமால காட்டுற மாதிரி தடவிப் பாத்ததும் இல்ல, நாங்க பெரும்பாலும் அப்படி பண்றதில்ல. ஆனா பக்கத்து ரூம்ல அவங்க மூச்சு விடுறத வச்சே அன்னைக்கு தலைவலியா இல்லையான்னு சொல்லிடுவேன். அம்மாவத் தெரியலன்னு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல.

பாதி வெளிச்சம்:
நேத்து ராத்திரி சொல்லிட்டேன். ஜன்னல் பக்கத்துல லைட்ட போட்டு, நேரா உக்கார வச்சு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் மூக்கு பக்கத்துல இருக்குற மச்சத்த காட்டி, "இத பாத்து வச்சுக்கோ, இது எங்கயும் போகாது"ன்னு சொன்னா.

குச்சிய வச்சு ஒழுங்கா நடக்க ட்ரெயினிங்குக்குப் பேர் குடுத்திருக்கேன். அடுத்த மாசம் ஆரம்பம். குச்சிய நான் பிடிச்சு கூட்டிட்டு வரட்டுமான்னு பொண்ணு கேட்டா. குச்சி என் கைல இருக்கட்டும், நீ தோளக் குடுன்னு சொல்லியிருக்கேன்.