ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகளை நினைவில் நிறுத்துவது எப்படி?

கேள்வி: வினை வடிவங்களை அகரவரிசைப் பட்டியலாகப் பலமுறை மனப்பாடம் செய்தும், எழுதும்போது ‘பிரிங்’ என்பதன் இறந்தகாலத்தை ‘பிராங்’ என்றே எழுதிவிடுகிறேன். வேறு வழி உண்டா?

மறுமொழி 1: அகரவரிசையை விட்டுவிட்டு ஓசையின்படி குழுவாகப் பிரியுங்கள். ‘சிங், சாங், சங்’, ‘ரிங், ராங், ரங்’ ஆகியவை ஒரே அச்சில் வார்த்தவை. ‘பிரிங்’ அவற்றைப் போல ஒலித்தாலும், ‘திங்க், தாட்’, ‘பை, பாட்’ ஆகியவற்றின் குழுவில் சேர்ந்து ‘பிராட்’ என்றாவதே உங்கள் குழப்பத்துக்குக் காரணம். ‘கட்’, ‘புட்’ மாறுவதே இல்லை.

மறுமொழி 2: ‘சிங்’ வகையினம், உயிரொலியை மாற்றியே காலம் காட்டிய பழைய ஆங்கில வினைகளின் எச்சம். ‘வா’ என்பது ‘வந்தான்’ ஆவதை நாம் பட்டியலிட்டா கற்றோம்? முழு வாக்கியங்களாக எழுதிப் பழகுங்கள்.

கேட்டவர்: நன்றி. ‘ஹேங்’ என்பதற்கு ஏன் இரு வடிவங்கள்?

மறுமொழி 1: பொருளைத் தொங்கவிட்டால் ‘ஹங்’, தூக்கிலிட்டு உயிரைப் போக்குவதற்கு ‘ஹேங்ட்’.